பொலிவியா: கீழிருந்து மேலே ஏறும் பயணத் திட்டம்

பொலிவியாவுக்கு விமானச் சீட்டு எடுக்கும்போதே பயணம் எப்படி அமையும் என்பதில் பாதி முடிவாகிவிடும். நேராக லா பாஸுக்கு எடுத்தால் இறங்கும் இடம் எல் ஆல்ட்டோ விமான நிலையம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,060 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அன்றிரவு தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. உள்ளூரில் இதற்குச் 'சொரோச்சே' என்று பெயர். பத்து நாள் பயணத்தில் முதல் மூன்று நாள் விடுதி அறையிலேயே கழிந்தவர்கள் பெரும்பாலும் இப்படி இறங்கியவர்கள்தான்.

அதே சீட்டைச் சாந்தா குரூஸ் நகருக்கு எடுத்தால் சுமார் 400 மீட்டரில், வெப்பமான சமவெளியில் இறங்கலாம். அங்கிருந்து படிப்படியாக ஏறலாம். இந்த நாட்டில் நிலம், பயிர், உணவு, உடை, ஏன், யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பது வரை உயரத்தைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. பயணத்தையும் அப்படியே அமைத்துக்கொள்வதுதான் சரி.

ஏறும் வரிசை

3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் தரும் பொதுவான அளவு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வு. பகலில் மேலே போய்விட்டு இரவில் இறங்கித் தூங்குவதில் சிக்கல் குறைவு. கணக்கெல்லாம் தூங்கும் உயரத்துக்குத்தான். பொலிவியாவில் ஊர்கள் இந்த அளவுக்கு ஏற்ப அமைந்திருக்கவில்லை. அதனால் சில இடங்களில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சாந்தா குரூஸில் ஓர் இரவு போதும். அடுத்தது சுக்ரே, சுமார் 2,800 மீட்டர். அரசியல் சாசனப்படி நாட்டின் தலைநகரம் இதுதான். அரசு இயங்குவது லா பாஸில். சாந்தா குரூஸிலிருந்து பேருந்தில் ஓர் இரவு முழுக்க மலைப்பாதை; விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விமானமே மேல். சுக்ரேவில் மூன்று இரவாவது தங்குங்கள். வெள்ளையடித்த வீதிகள், 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை அறிவிக்கப்பட்ட காசா தெ லா லிபெர்தாத், ஊருக்கு வெளியே சிமென்ட் சுரங்கத்தில் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவரில் ஆயிரக்கணக்கான டைனோசர் காலடித் தடங்கள் என்று நேரம் போவது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அமைந்தால் தாராபுகோ சந்தைக்குப் போகலாம். நெசவில் ஆர்வம் உள்ளவர்கள் சுக்ரேவின் நெசவு அருங்காட்சியகத்தில் ஹல்கா நெசவைப் பாருங்கள்: கருஞ்சிவப்புப் பரப்பில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மிதக்கும் விநோத விலங்குகள். தாராபுகோ நெசவு இதற்கு நேர்மாறு. வரி வரியாக, ஒழுங்காக, அன்றாட வாழ்க்கையைக் காட்டும்.

சிக்கல் பொதோசியில்தான். சுக்ரேவிலிருந்து பேருந்தில் மூன்றரை மணி நேரம், ஆனால் உயரம் 4,000 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரே தாவலில் 1,200 மீட்டர். அதனால் காலைப் பேருந்தில் போய், பழைய நாணயச்சாலையைப் பார்த்துவிட்டு, மாலையில் உயூனிக்கு வண்டி ஏறிவிடுவது நல்லது. இன்னும் நான்கு மணி நேரப் பயணம். ஆனால் உயூனி 3,670 மீட்டர்தான், தூக்கம் வரும். 1545-இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட செர்ரோ ரிக்கோ மலைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும் சுற்றுலாவும் உண்டு. அது காட்சிக்கு வைத்த சுரங்கம் இல்லை. இன்றும் கூட்டுறவுக் குழுக்கள் வேலை செய்யும் இடம். சிலிக்கா தூசி, வெப்பம், குனிந்தே நடக்க வேண்டிய குகைகள். ஆஸ்துமா உள்ளவர்கள், உயரம் இன்னும் பழகாதவர்கள் போகவே வேண்டாம்.

உயூனியில் ஒரு நாள் முழு ஓய்வு. பிறகு உப்புவெளியும் ஏரிகளும். அதன்பின் லா பாஸ் 3,600 மீட்டர். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். கடைசியில் டிடிகாகா ஏரிக்கரை, 3,812 மீட்டர். ஊர் திரும்ப எல் ஆல்ட்டோவிலிருந்து சாந்தா குரூஸுக்கு விமானத்தில் இறங்கிவிடலாம். இதற்குக் குறைந்தது 14 நாள் வேண்டும். பத்து நாள்தான் இருக்கிறதென்றால் டிடிகாகாவை வெட்டுங்கள். சுக்ரேவின் மூன்று இரவுகளை வெட்டாதீர்கள்.

உடம்பு சொல்வதைக் கேட்பது

அசட்டசோலமைடு மாத்திரை உயரம் பழகுவதை வேகப்படுத்தும். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, மேலே ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா பானங்கள் சப்பென்றிருக்கும். இவை எதிர்பார்க்க வேண்டியவை, பயப்பட ஒன்றுமில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். ஊரில் 97 காட்டும் கருவி லா பாஸில் 88, 90 என்று காட்டினால் அது அந்த உயரத்துக்கு இயல்பு. எண்ணைவிட அறிகுறிதான் முக்கியம். லேசான தலைவலி ஓய்வில் போய்விடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. குளிரிலும் உயரத்திலும் சில குளுக்கோமீட்டர்கள் தவறாகக் காட்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. இரவில் பையில் விடாமல் உடம்போடு ஒட்டி வைக்கவும். இரத்தசோகை உள்ளவர்களுக்கு உயரம் கூடுதலாக வாட்டும், கிளம்ப இரண்டு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். முதல் இரண்டு நாள் மது வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம்.

விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். பொலிவியாவில் அது சட்டப்படி சரி. லேசான உற்சாகம் தரும், சொரோச்சேவைத் தடுக்கும் மருந்தல்ல. வேலையிடத்தில் போதைப்பொருள் பரிசோதனை உள்ளவர்கள் ஒரு கோப்பை கூடக் குடிக்காமலிருப்பது நல்லது; சோதனையில் தெரியும்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. விதிகள் மாறுவதால் டில்லியில் உள்ள பொலிவியத் தூதரகத்தில் கேட்பதே வழி. தமிழ்நாட்டிலிருந்து நேரடி விமானம் கிடையாது. மாட்ரிட் அல்லது சாவோ பாவ்லோ வழியாகச் சாந்தா குரூஸ் போகலாம். தனித்தனிச் சீட்டு வாங்கி, இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வந்தால் அந்த நாட்டு விசாவும் கேட்பார்கள். மலிவுச் சீட்டில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் பொலிவியாவுக்குள் நுழையத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். எல்லா நாளும் போடமாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவும்.

பணம் பொலிவியானோ. 2011 முதல் நீண்ட காலம் ஒரு டாலருக்கு 6.96 என்று அரசு விலை நிலையாக இருந்தது. 2023-இல் டாலர் தட்டுப்பாடு வந்ததும் வெளிச்சந்தை விலை அதைவிட்டு விலகி எங்கோ போய்விட்டது. ஆகவே போகும் வாரத்து விலையை விசாரித்துவிட்டு, ரொக்க டாலர் கொண்டுபோங்கள். நோட்டில் ஒரு கிழிசல், ஒரு பேனா கிறுக்கல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள். உயூனியைத் தாண்டி உப்புவெளி, ஏரிகள் பக்கம் போய்விட்டால் அட்டை எங்கும் செல்லாது. பத்து, இருபது பொலிவியானோ சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். கழிப்பறைக்கும் காசு, பேருந்து நிலையத்துக்குள் நுழையவும் தனிச் சீட்டு.

உப்புவெளி

உயூனி உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். வற்றிப்போன பழைய ஏரிகளின் படிவு. துனுப்பா என்ற எரிமலைத் தாயின் முலைப்பாலும் கண்ணீரும் கலந்து உறைந்ததே இந்த வெள்ளை என்பது ஆண்டீஸ் மலைப் பழங்குடிகளான அய்மரா மக்களின் கதை; அந்த மலை வடகரையில் நிற்கிறது.

எந்த மாதம் போவது? இரண்டு வேறு வேறு இடங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழைநீர் மெல்லிய படலமாக நின்று வானத்தைக் காட்டும். கண்ணாடி போல் தெரிய நீரின் ஆழம் குறைவாகவும் காற்று இல்லாமலும் இருக்க வேண்டும்; விடியற்காலையும் மாலையும்தான் அமையும். நீர் கூடினால் நடுவிலுள்ள இன்காவாசித் தீவுக்கு வண்டி போகாது, சில நாள் உள்ளேயே விடமாட்டார்கள். மே முதல் நவம்பர் வரை வறண்ட காலம்: அடியிலுள்ள உப்புநீர் மேலேறி ஆவியாகி, விளிம்புகளில் உப்பு திரண்டு, தரை முழுக்க ஐங்கோணமும் அறுங்கோணமுமாகக் கட்டம் விழும். தீவுக்கும் போகலாம். அங்கே நிற்கும் கள்ளிகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பார்கள். ஆளைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்பவற்றின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பயணத்தில் இரண்டிலும் கொஞ்சம் வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியோ மே தொடக்கமோ நல்லது: ஓரங்களில் கொஞ்சம் நீர் மிச்சமிருக்கலாம், பாதையும் திறந்திருக்கும், ஜூன், ஜூலையின் மைனஸ் 20 டிகிரி இரவுகளும் இன்னும் வந்திராது.

பெரும்பாலும் மூன்று பகல், இரண்டு இரவுச் சுற்று. ஒரு ஜீப்பில் ஓட்டுநரோடு ஆறு பயணிகள். உயூனித் தெருவில் முகவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலையைக் கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: இரண்டாம் இரவு எங்கே, எத்தனை மீட்டரில்? ஆறு பேருக்கு மேல் ஏற்றுவீர்களா? வண்டியில் ஆக்சிஜன் உருளை இருக்கிறதா? மாற்று டயர் எத்தனை? ஏரிகள் இருக்கும் அவரோவா வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா? வெளிநாட்டவருக்கு அது நெடுங்காலமாக 150 பொலிவியானோவாக இருந்தது, ரொக்கமாகத்தான். தூக்கப் பை தருவீர்களா? ஓட்டுநர் நேற்றிரவுதான் முந்தைய சுற்றிலிருந்து திரும்பினாரா? கடைசிக் கேள்விக்கு முகவர் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இங்கே விபத்து நடப்பது பெரும்பாலும் தூக்கக் கலக்கத்திலும் குடியிலும்தான்.

இரண்டாம் இரவு பல சுற்றுகளில் லகூனா கொலராதா ஏரியருகே, சுமார் 4,300 மீட்டரில். உயூனியிலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஓய்வு நாளைத் தவிர்த்தவர்கள் திணறுவது இந்த இரவில்தான். வீயாமார் பக்கம் தங்கவைக்கும் சுற்று சற்றே தாழ்வானது; கிடைத்தால் அதையே எடுங்கள். அந்த ஏரியின் செந்நிறத்துக்குப் பாசியும் படிவும் காரணம். இடையிடையே வெள்ளைத் திட்டாகத் தெரிவது போராக்ஸ். ஆண்டீஸ், ஜேம்ஸ், சிலி என மூன்று வகைப் பூநாரைகளும் இங்கே மேயும். கரையோரம் இறங்கி விரட்டிப் படம் எடுக்காதீர்கள். இந்த உயரத்தில் ஒவ்வொரு முறை பறப்பதும் அவற்றுக்குப் பெரும் செலவு.

மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி சோல் தெ மன்யானா வெந்நீர் ஊற்றுவெளிக்குப் போவார்கள். 4,800 மீட்டருக்கு மேல், இருட்டு, கடுங்குளிர், வேலி கிடையாது. கொதிக்கும் சேற்றுக் குழிகளின் விளிம்பில் தரை மெல்லிய ஓடு மட்டுமே. ஓட்டுநர் நடந்த தடத்திலேயே நடக்கவும். பிறகு வரும் வெந்நீர்க் குளத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எழும்போது கிறுகிறுக்கும். அன்றே சிலி எல்லையில் இறங்கி அதகாமா போகிறவர்கள் சிலி விசாவை முன்பே வாங்கியிருக்க வேண்டும். பழம், விதை, கோக்கா இலை எதையும் அந்த எல்லையில் கொண்டுபோக முடியாது.

வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். உப்பு ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பி அடிக்கும். அதனால் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் களிம்பு பூச வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போலிருக்கும். கேமராவும் வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டிவைக்கவும். மின்கலத்தை இரவில் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் பட்ட செருப்பு, முக்காலி எல்லாவற்றையும் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

லா பாஸ்

லா பாஸ் ஒரு பள்ளத்தாக்கில் சரிந்து கிடக்கும் நகரம். விளிம்பில் எல் ஆல்ட்டோ, நடுவில் பழைய நகரம், அடியில் சுமார் 3,300 மீட்டரில் தென்பகுதி. உலகின் பல நகரங்களில் காசுள்ளவர்கள் குன்றின்மேல் வீடு கட்டுவார்கள். இங்கே அவர்கள் கீழே. மேலே போகப்போகக் குளிர், காற்றுக் குறைவு, வாடகைக் குறைவு. தலைவலி விடாதவர்கள் தென்பகுதியில் அறை எடுங்கள். 300 மீட்டர் இறங்குவதே பெரிய வித்தியாசம்.

இந்த அடுக்குகளைத் தைப்பது மி தெலெஃபெரிகோ கம்பிவட ஊர்தி. 2014-இல் மூன்று தடங்களோடு தொடங்கி இன்று பத்துத் தடங்கள். சிவப்புத் தடத்தில் ஏறினால் கல்லறைத் தோட்டத்தின் மேலாக எல் ஆல்ட்டோவின் '16 தெ ஹூலியோ' (ஜூலை 16) என்ற சந்தை. வியாழனும் ஞாயிறும் மட்டும் கூடும், பழைய துணி முதல் கார் எஞ்சின் வரை கிடைக்கும். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அதே பகுதியில் கட்டடக் கலைஞர் ஃப்ரெடி மமானி கட்டிய பளபளப்பான மாளிகைகளைப் பாருங்கள்: தரைத்தளத்தில் கடை, மேலே திருமண மண்டபம், உச்சியில் முதலாளியின் வீடு. அய்மரா வணிகர்களின் செல்வம் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் அது.

சாப்பாடு

மதியம் எந்த ஊரிலும் 'அல்முவெர்ஸோ' என்று பலகை தொங்கும்: சூப், ஒரு தட்டு, சில இடங்களில் இனிப்பு. மலிவு, சூடு. சைவர்களுக்கு இது எளிதல்ல. 'கார்னே' என்றால் இங்கே மாட்டிறைச்சி என்றே பலர் எடுத்துக்கொள்வதால், 'சின் கார்னே' என்று கேட்டால் கோழி வரும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்ல வேண்டும். வேர்க்கடலை சூப் பார்க்கச் சைவம். கொதித்தது எலும்புச் சாற்றில். சால்தென்யா என்ற காலைப் பலகாரத்தில் காய்கறி வகை இருந்தாலும் உள்ளிருக்கும் சாற்றைக் கெட்டியாக்க ஜெலட்டின் சேர்ப்பார்கள். தயங்காமல் சாப்பிடக்கூடியவை: ஊதாச் சோளத்தில் காய்ச்சிய சூடான ஆப்பி, கூடவே பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பாஸ்தெல், மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த குன்யாப்பே, சோள மடலில் சுற்றி வேகவைத்த உமின்தா (பன்றிக் கொழுப்புச் சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளவும்). காரம் வேண்டுமென்றால் தக்காளியும் லொகோத்தோ மிளகாயும் அரைத்த யாக்வா மேசையிலேயே இருக்கும். கறுப்பு விதை கொண்ட அந்த மிளகாய் நம் நாக்கையும் சோதிக்கும்.

சுன்யோ என்று கருத்துச் சுருங்கிய உருளைக்கிழங்கு தட்டில் வந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். ஜூன், ஜூலை உறைபனி இரவில் கிழங்கைத் தரையில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பது. ஆண்டுக்கணக்கில் கெடாது. குளிரையும் வெயிலையும் கொண்டே உணவைப் பதப்படுத்தத் தெரிந்ததால்தான் இந்த உயரத்தில் பேரூர்கள் நிலைத்தன.

கையில் அரிசி, பருப்பு கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: லா பாஸில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. வெந்நீர் ஊற்றினாலே ஆகும் அவல், வறுத்த ரவைக் கலவை போதும்.

மனிதர்களோடு

சந்தையில் கடைக்கார அம்மாவை 'காசெரிதா' என்று அழைத்தால் முகம் மலரும். வாங்கியபின் 'யாப்பா' என்று கொசுறு கேட்பது வழக்கம். விலையில் அடித்துப் பேசுவதைவிட இதுதான் அங்கே மரியாதை. அகலப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த பெண்களைக் கேட்காமல் படமெடுத்தால் சண்டை வரும். முதலில் ஏதாவது வாங்குங்கள், பிறகு கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். யாராவது கோக்கா இலை நீட்டினால் இரு கையாலும் வாங்க வேண்டும். குடிக்க ஏதாவது கொடுத்தால் முதல் துளியை நிலத்தில் சிந்துங்கள். அது பூமித்தாய் பச்சமாமாவின் பங்கு.

பண்டிகைக்கென்று போவதானால் ஒருரோ நகரத்துக் கார்னிவல். சனிக்கிழமை ஊர்வலத்தில் சுமார் 28,000 நடனக்காரர்களும் 10,000 இசைக்காரர்களும் வருவார்கள். சொகவோன் மாதா கோயிலில் முழந்தாளிட்டு முடிப்பார்கள். பேய் முகமூடியோடு ஆடும் தியாப்லாதாதான் முதன்மை. பலகை இருக்கைக்கு முன்பே பணம் கட்டவும், தண்ணீரும் நுரையும் வீசுவார்கள் என்பதால் கேமராவுக்கு உறை வேண்டும், அந்த வாரம் விடுதி விலை பல மடங்கு. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஜனவரி 24, லா பாஸ் அலசித்தா சந்தை. அந்த ஆண்டில் வேண்டியதன் குட்டிப் பொம்மையை, வீடோ காரோ கடவுச்சீட்டோ, நண்பகலுக்குள் வாங்கி ஆசி பெறுவார்கள்.

சாலை மறியல்

பொலிவியாவில் எந்தக் கோரிக்கையும் நெடுஞ்சாலையில் கல்லாகவும் டயராகவும் வந்து நிற்கும். சில மணி நேரமும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். நெடுஞ்சாலைத் துறையான ஏபிசி எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று வரைபடம் வெளியிடுகிறது. பேருந்துச் சீட்டு வாங்கும் முன் பாருங்கள். மறியலில் மாட்டினால், பயணிகள் நடந்து மறுபக்கம் போய் வேறு வண்டி பிடிப்பது வழக்கம். பெட்டியைவிட முதுகுப்பை வசதி என்பது அங்கே புரியும். வாக்குவாதம் வேண்டாம், வீடியோ எடுக்க வேண்டாம். வெளிநாட்டு விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே சாந்தா குரூஸ் வந்து சேர்ந்துவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது கோக்கா இலை, கோக்கா தேநீர்ப் பொட்டலம், கோக்கா மிட்டாய் எதுவும் உள்ளே இல்லையென்று பார்க்கவும். லா பாஸ் கடையில் சாதாரணமாக விற்பதுதான். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் குற்றம்.